மேனிஃபோல்டை மாற்றினால் லாரி இழுக்குமா?

சேலத்தில் லோடு ஏற்றித் தருமபுரி பக்கம் போகும் லாரிக்கு முதல் பரீட்சை தொப்பூர் கணவாய். கியர் ஒவ்வொன்றாக இறங்கும், பின்னால் கார்கள் வரிசைகட்டும், டிரைவர் ஓனருக்குப் போன் போட்டு "வண்டி இழுக்கல" என்பார். அதற்குப் பட்டறைகளில் சொல்லப்படும் வைத்தியங்களில் ஒன்றுதான் இன்டேக் மேனிஃபோல்டை மாற்றுவது. வாய் அகன்று, உட்புறம் வழவழவென்று கடைந்த அலுமினியக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். கம்பெனி வார்ப்பின் சொரசொரப்பு அதில் இல்லை. விரலை உள்ளே விட்டால் தடங்கல் எதுவும் தட்டுப்படாது. காற்று தாராளமாகப் போகும், குதிரைத்திறன் கூடும் என்று தோன்றும்.

எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டாடா லாரிகள் பலவற்றில் இருப்பது 5,883 சிசி கம்மின்ஸ் பி சீரிஸ் இன்ஜின். 1993இல் கூட்டுச் சேர்ந்த டாடாவும் கம்மின்ஸும் ஜாம்ஷெட்பூரில் தயாரித்த வகை இது. இதன் கதையை வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் எண்ணிலேயே படிக்கலாம். 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். 2518 என்றால் 25 டன், 180 குதிரைத்திறன். இரண்டிலும் சிலிண்டர்களின் கொள்ளளவு ஒன்றுதான். அந்த 50 குதிரைகள் எங்கிருந்து வந்தன?

மேனிஃபோல்டிலிருந்து வரவில்லை. சொல்லப்போனால் இந்த இன்ஜினில் தனியாகக் கழற்றி மாட்ட மேனிஃபோல்டே கிடையாது. காற்று நிறைந்து நிற்கும் அறையை சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். மேலே ஒரு மூடித் தகடு, அதன்மேல் இன்டர்கூலர் குழாய் வந்து சேரும் ஒரு வளைவு. 'மேனிஃபோல்ட் அப்கிரேடு' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வளைவைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். டர்போ இல்லாத நிலையில் இந்த இன்ஜின் 2,500 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஏழு கிலோ காற்றை இழுக்கும். டீசல் இன்ஜினில் கரும்புகை கிளம்பாமல் எரிய ஒரு கிலோ டீசலுக்குச் சுமார் இருபது கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றுக்கு எரிக்கக்கூடிய டீசலை வைத்துப் பார்த்தால் கிடைப்பது 120, 125 குதிரைத்திறன். குழாயை எவ்வளவு கடைந்தாலும் உள்ளே போகும் காற்று நூற்றுக்கு இரண்டு மூன்று கூடினால் பெரிய விஷயம். அதாவது மூன்று குதிரைத்திறன். அதுவும் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்தால்தான். பெட்ரோல் இன்ஜினில் காற்றைத் திறந்துவிட்டால் சக்தி வரும். டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது டீசலின் அளவு, காற்று அதற்கு அனுமதிச் சீட்டு மட்டுமே.

டர்போவும் இன்டர்கூலரும் செய்வது வேறு அளவிலான வேலை. சேலத்துச் சித்திரை வெயிலில் 40 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் அது 130 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். சூடான காற்று விரிந்துகொள்வதால் அமுக்கியதன் பலன் பாதி வீணாகும். அதை 60 டிகிரிக்குக் குளிரவைத்தால் அதே இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் காற்று அடங்கும். வண்டியின் பின்பக்கம் 'டிசி ஐசி' என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம் இதுதான்.

அமெரிக்காவில் இதே குடும்பத்து 5.9 லிட்டர் இன்ஜின் 1989 மாடலிலிருந்து டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்தது. அங்கே இதற்கு மேனிஃபோல்ட் வளைவு விற்பது தனி வியாபாரம். பேங்க்ஸ் நிறுவனத்தின் 'மான்ஸ்டர் ராம்' அவற்றில் பிரபலம். ஆனால் கம்பெனியே செய்த மாற்றங்களின் வரலாறு சுவாரசியமானது. 1989இல் 160 குதிரைத்திறன். 1991 மாடலின் நடுவிலேயே இன்டர்கூலர் சேர்த்தார்கள், குதிரைத்திறன் அதே 160. டீசலைக் கூட்டவில்லை, அவ்வளவுதான். 1998இல் சிலிண்டருக்கு நான்கு வால்வு, 2003இல் காமன் ரெயில் என்று போய், இதே 5.9 லிட்டர் கடைசியில் 325ஐத் தொட்டது. பந்தயத்துக்காக அதற்கும் மேலே ஏற்றுபவர்களுக்கு அகன்ற வளைவு உதவும். நாமக்கல் லாரி அந்தப் பந்தயத்தில் இல்லை.

கணவாயில் அந்த மூன்று குதிரைத்திறன் என்ன செய்யும்? நூற்றுக்கு நான்கு சாய்வில் 25 டன் வண்டியை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற சக்கரத்தில் சுமார் 130 குதிரைத்திறன் வேண்டும். மூன்று கூடினால் வேகம் 30இலிருந்து 30.7 ஆகும். டிரைவருக்கு அது தெரியவே தெரியாது. "போட்டதும் சும்மா பறக்குது" என்று யாராவது சொன்னால், வளைவை மாட்டும் சாக்கில் வேறு எதைச் சரிசெய்தார்கள் என்று கேட்பது நல்லது.

ஏனென்றால் சரிசெய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அடைத்த ஏர் ஃபில்டர் முதல் குற்றவாளி. கம்மின்ஸ் அனுமதிக்கும் உச்சத் தடை 25 அங்குல நீர் அழுத்தம். அந்த எல்லையை எட்டிய ஃபில்டர், காற்று டர்போவைத் தொடும் முன்பே அதன் அழுத்தத்தில் நூற்றுக்கு ஆறைத் தின்றுவிடுகிறது. எந்த வளைவும் திருப்பித் தராத நஷ்டம் இது. அடுத்தது இன்டர்கூலர் ஹோஸ். கிளிப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாக ஒரு கோடு தெரிந்தால் டர்போ அடைத்த காற்று அந்த வழியே போகிறது. சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே காற்றைக் கொடுத்தால் நுரை காட்டிக்கொடுக்கும். கோழித்தீவன லோடு அடிக்கும் வண்டிகளின் இன்டர்கூலர் துடுப்புகளில் மக்காச்சோளத் தவிடும் பூச்சியும் புழுதியும் அடையாய் அப்பியிருக்கும். அதை உள்ளிருந்து வெளியே ஊதிக் கழுவ வேண்டும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரன் ஒரு மெல்லிய குழாய். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் மேனிஃபோல்டிலிருந்து பம்ப்பின் டயஃப்ரத்துக்கு அது போகும். டர்போ அழுத்தம் ஏறுகிறது, டீசலைக் கூட்டு என்று பம்ப்புக்குச் சேதி சொல்வது அதுதான். அதில் ஒரு விரிசல் விழுந்தால் பம்ப் கையைக் கட்டிக்கொள்ளும், வண்டி ஏற்றத்தில் படுக்கும். இதைப் பார்க்காமல் டர்போவையே கழற்றிப் போடும் பட்டறைகளும் உண்டு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிக்காரர்கள் அலுமினிய வளைவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டீசல் அளவை அங்கே கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. காற்று கொஞ்சம் கூடுதலாக வந்ததற்காக எழுதிவைத்த அளவைத் தாண்டி அது ஊற்றாது. ஊற்றவைக்க மென்பொருளை மாற்றினால் வாரண்டி போகும், புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் கெடும். கம்பெனி பதிவுசெய்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ உண்டு.

பழைய பம்ப் வண்டியில் டீசலைக் கூட்டித் திருகிவைப்பது சுலபம், திருகியபின் வருவதுதான் கஷ்டம். கரும்புகை முதலில் வரும். பிறகு சைலன்சர் பக்கச் சூடு ஏறும், பிஸ்டன் தலை அரிக்கும், ஹெட் கேஸ்கட் போகும். அந்தச் செலவுக்கு ஏர் ஃபில்டர் எத்தனை வாங்கலாம் என்று ஓனர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கையில் காசு இருந்து, காற்றுப் பாதையில் செலவழித்தே ஆகவேண்டும் என்றால் அதற்குத் தகுதியான வண்டிகள் திருச்செங்கோட்டில் நிற்கின்றன. போர்வெல் ரிக்கின் இன்ஜின்கள், ரிக் கிளப்பும் கல்மாவுப் புழுதிக்கு நடுவே நின்றபடி மணிக்கணக்கில் முழு லோடில் ஓடுகின்றன. அங்கே ஃபில்டருக்கு முன்னால் புழுதியைச் சுழற்றித் தள்ளும் ப்ரீ கிளீனர் ஒன்றும், காற்றெடுக்கும் வாயைப் புழுதி மட்டத்துக்கு மேலே தூக்கிவைக்கும் நீண்ட குழாயும் போட்டால், போட்ட பணத்துக்கு வேலை செய்யும்.