தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

கோடை விடுமுறை தொடங்கியதும் காவல்துறையின் அறிவுரைகள் வந்துவிடும். வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள், நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள், வாசலில் சிசிடிவி கேமரா பொருத்துங்கள், பெண்கள் தனியாக இருக்கையில் அந்நியருக்குக் கதவைத் திறக்காதீர்கள். இவற்றில் எதுவும் தவறில்லை. கொங்குப் பகுதித் தோட்டத்து வீடுகளில் தனித்திருந்த முதியவர்கள் நகைக்காகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரைகளை ஒரு பிரதியாக வாசித்தால், அதற்குள் ஒரு வீட்டின் வரைபடம் தெரிகிறது: ஆபத்து வெளியே, பாதுகாப்பு உள்ளே, நடுவில் ஒரு கதவு.

இந்த வரைபடம் யாருடைய அனுபவத்திலிருந்து வரையப்பட்டது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பெண்களுக்கு எதிராகப் பதிவான குற்றங்களில் மிகப் பெரிய பங்கு, 31.4 விழுக்காடு, கணவரும் அவருடைய உறவினர்களும் இழைத்த கொடுமை. அவர்கள் பூட்டை உடைத்து உள்ளே வந்தவர்கள் அல்லர். சாவி அவர்களிடமே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரும்புக் கிரில், அதன் பின்னால் தேக்குக் கதவு, கதவில் மூன்று பூட்டுகள். குளியலறைத் தாழ்ப்பாள் மட்டும் இரண்டு வருடமாகக் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் தண்ணீர் நிரம்பிய வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் குளிப்பாள். ஆசாரியைக் கூப்பிடச் சொன்னபோது, "நம்ம வீட்டு ஆளுங்கதானே, என்ன பயம்?" என்று பதில் வந்தது. குடும்பம் என்னும் நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வாக்கியம் இது. அவள் பயத்தைச் சொன்னால் வீட்டாரைச் சந்தேகிப்பவள் ஆகிவிடுவாள்.

இப்போது கேமரா கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் கணவனின் கைபேசியில் வீடு தெரிகிறது. திருடன் வருகிறானோ இல்லையோ, மனைவி எத்தனை மணிக்கு வெளியே போனாள், யார் வந்து பேசிவிட்டுப் போனார்கள் என்பது தினமும் பதிவாகிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் ஆதார் நகலை வாங்கி வைக்கிறோம். அந்த வீட்டு ஆண்களைப் பற்றி அவருக்கு யார் சான்று தருவது?

சட்டம் இந்த விஷயத்தில் நம் வீடுகளைவிட முன்னே போயிருக்கிறது. 2005இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குடும்ப உறவில் உள்ள பெண்ணுக்கு, வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும், அங்கே வசிக்கும் உரிமையைத் தருகிறது. வன்முறை செய்த ஆணை அந்த வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல 19ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தால் முடியும். அடி வாங்கியவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நம் வழக்கத்தை இப்பிரிவு தலைகீழாக்குகிறது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட வேண்டியவர் வீட்டுக்காரராகவும் இருக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது.

எனவே பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலுக்கு நல்ல பூட்டு போடுங்கள். அதன் சாவி ஒன்று வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் இருக்கட்டும். கேமரா தெருவைப் பார்க்கட்டும். அவள் அறையிலும் குளியலறையிலும் உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் உறுதியாக இருக்கட்டும். அவள் ஏன் தாழிட்டாள் என்று யாரும் கேட்காமல் இருக்கட்டும்.