கன்னட எழுத்தறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு

மொழிப் பாடநூலை ஆராய்வோர் அதன் இலக்கணத்தை நோக்குவர், எழுத்துப்பிழை தேடுவர். அந்நூல் யாருக்காக எழுந்தது என்று வினவுவோர் அரியர்.

வீரமாமுனிவர் அவ்வினாவை முதலிலேயே எழுப்பிக்கொண்டார் எனலாம். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. செந்தமிழுக்கு வேறொரு நூல் செய்தார். இரண்டையும் ஒரே கலத்தில் பரிமாறவில்லை. இலத்தீன் கற்ற பாதிரிமார்க்கு இலத்தீனிலேயே விளக்கினார். கற்பவன் அறிந்ததன்மீது அறியாததை எழுப்பும் முறை அது.

1969-இல் மைசூரில் தோன்றிய இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம், எஸ். இராஜாராம் எழுதிய 'அன் இன்டென்சிவ் கோர்ஸ் இன் தமிழ்' என்னும் நூலை 1979-இல் வெளியிட்டது. உரையாடலும் பயிற்சியுமாக நாவைப் பழக்கும் நன்னூல் அது. ஆயினும் தமிழே அறியாத வளர்ந்தோர்க்கு உரியது. தமிழ்நாட்டுப் பள்ளி நூல்களோ, கடைப் பலகையிலும் நாளிதழிலும் தமிழ் எழுத்தைக் கண்டு வளரும் பிள்ளைக்கு உரியவை. அல்சூர்ப் பிள்ளை இவ்விரு வகையிலும் அடங்கான். வீட்டில் தமிழ் பேசுகிறான். பள்ளியில் கன்னடம் எழுதுகிறான்.

என் மகளுக்கு 'காந்தி' என்று எழுதிக் காட்டினேன். "கன்னடத்தில் காந்திக்கு ஒரு க, காகிதத்துக்கு வேறொரு க; தமிழில் மட்டும் ஏன் ஒன்றே?" என்றாள். நான் தொல்காப்பியரைத் துணைக்கு அழைத்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிழை என்னுடையதே. பக்கம், பங்கு, பகல் என மூன்று சொற்களை ஒலிக்கச் செய்திருந்தால், இடத்திற்கேற்பக் ககரம் ஒலி மாறுவதை அவள் செவியே உணர்த்தியிருக்கும். காந்தி போன்ற வந்த சொற்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இவளுக்கு முதற்பாடம் அகரவரிசை அன்று, இதுவே.

அடுத்து, இரு மொழிச் சொற்களையும் அருகருகே நிறுத்த வேண்டும். பால் ஹாலு ஆகிறது, பத்து ஹத்து, புலி ஹுலி. வில் பில்லு ஆகிறது. தலை தலெ, இலை எலெ. நான்கைந்து சொற்களைக் கண்டதும் பிள்ளை தானே விதியைக் கண்டுபிடிப்பான். 'வந்துட்டேன்' என்பவனுக்கு 'வந்துவிட்டேன்' என்பதையும் இவ்வாறே இணை இணையாகக் காட்டலாம். எழுத்து வழக்கு அவன் பேச்சைப் பழிப்பதற்கு வந்ததன்று என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியும்.

தமிழைக் கன்னட எழுத்தின் வழியே கற்பிப்பது இழுக்கு என்று அன்பர் சிலர் சினப்பர். இலத்தீன் வழியே விளக்கியதால் தமிழ் குன்றிவிட்டதா என்ன? அச்சத்திற்குரியது வேறொன்று. தமிழ் எழுத்தின்மேல் துணையாக இட்ட கன்னட எழுத்து ஐந்தாறு பாடங்களில் நீங்க வேண்டும். நீங்காவிடில் கண் அதனையே படிக்கும்.

ழகரந்தான் கடினம். பழங்கன்னடத்தில் இருந்த அவ்வெழுத்து இன்றைய கன்னட வழக்கில் இல்லை. மழை 'மளெ' ஆயிற்று. பிள்ளை அதனை வீட்டில்தான் கேட்க வேண்டும். வீட்டிலோ நம்மில் பலர் ளகரமே ஒலிக்கிறோம்.