சுட்டது யார்? வட அயர்லாந்து வன்முறை பற்றிய ஒரு நூலும் தமிழ் வினைமுற்றும்

வரலாற்றில் நிகழ்ந்த அரசியல் வன்முறையைக் கதைபோலச் சொல்லும் நூல்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளன. ட்ரூமன் கப்போட்டி 1966இல் ஒரு குடும்பக் கொலை பற்றி எழுதிய நூலிலிருந்து இவ்வகையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இவ்வகை நூல்களைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் நடை, கட்டமைப்பு, பாத்திர வார்ப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியையும் அறிந்தவர் யார், அந்த அறிவின் வலிமை எவ்வளவு என்பதை வாக்கியம் எவ்வாறு காட்டுகிறது, எவ்வாறு மறைக்கிறது என்பதே மொழியியலாரின் கேள்வியாக இருக்க வேண்டும். தமிழில் மொழிபெயர்க்க முனைவோருக்கு இக்கேள்வி தவிர்க்க இயலாதது. பாட்ரிக் ராடன் கீஃப் எழுதி 2018இல் வெளிவந்த ‘சே நத்திங்’ என்னும் நூலை முன்வைத்து இதனை ஆராய்கிறேன்.

நூலின் மையம் ஒரு கொலை. 1972 டிசம்பரில் மேற்கு பெல்ஃபாஸ்ட்டின் டிவிஸ் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஜீன் மக்கான்வில் என்பவர் கொண்டுசெல்லப்பட்டார். அவர் கணவரை இழந்தவர். பத்துப் பிள்ளைகளின் தாய். அவரைக் கொன்று புதைத்ததை அயர்லாந்துக் குடியரசுப் படை (ஐ.ஆர்.ஏ.) ஒப்புக்கொண்டது 1999இல்தான். உடல் 2003 ஆகஸ்டில் லவுத் மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் கிடைத்தது. தேடியவர்கள் கண்டெடுக்கவில்லை, அங்கு வந்த ஒருவர் தற்செயலாகக் கண்டார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் நீடித்து 3,500 பேர் வரை பலிகொண்ட ஒரு காலத்தை, இந்த ஒரு மரணத்தின் வழியாகவும், ஐ.ஆர்.ஏ. உறுப்பினர்களான டோலோர்ஸ் பிரைஸ், பிரெண்டன் ஹியூஸ் ஆகியோரின் வாழ்க்கை வழியாகவும் கீஃப் விரித்துரைக்கிறார்.

சொற்களிலிருந்து தொடங்கலாம். அக்காலத்தை அங்குள்ளோர் ‘டிரபிள்ஸ்’ என்பர். தொல்லை, இடர் என்னும் அளவிலான சாதாரணச் சொல் அது. ‘போர்’ என்றால் ஒரு தரப்பின் கொள்கையை ஏற்றதாகும். ‘பயங்கரவாதம்’ என்றால் மறுதரப்பின் கொள்கையை ஏற்றதாகும். இரண்டுக்கும் இடையே அச்சொல் பதுங்கி நிற்கிறது. தமிழில் ‘கலவரம்’ என்று எழுதினால் முப்பதாண்டுகள் ஒரு வாரத்துத் தெருச்சண்டையாகச் சுருங்கிவிடும். இலங்கைத் தமிழர் பலர் போர்க்காலத்தைப் ‘பிரச்சினை’ என்றே சுட்டக் கேட்டிருக்கிறேன். அடக்கிச் சொல்லும் அந்த வழக்கே ஆங்கிலச் சொல்லின் தொனிக்கு நெருக்கமானது.

மக்கான்வில்லைப் போன்று கொல்லப்பட்டு மறைவாகப் புதைக்கப்பட்டவர்களைக் குறிக்கும் சொல் இதனினும் நுட்பமானது. ஆங்கிலத்தில் ‘மறைந்துபோதல்’ என்னும் பொருளுடைய வினை செயப்படுபொருள் குன்றியது. தென் அமெரிக்க நாடுகளின் அனுபவத்திற்குப் பின் அவ்வினைக்குச் செயப்படுபொருள் ஏற்கும் பயன்பாடு பரவியது: ஒருவர் மறைந்துபோவதில்லை, ஒருவரை மறைந்துபோகச் செய்கிறார்கள். தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்ட இலக்கணம் முன்பே வழிசெய்திருக்கிறது. ‘மறைந்தார்’, ‘மறைத்தார்’ என்னும் இணை போன்றவற்றைக் கு. பரமசிவம் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆயினும் ‘மறைந்தார்’ என்பது இறப்பைக் குறிக்கும் மங்கல வழக்காகிவிட்டதால் இங்கே உதவாது. ‘காணாமற்போனோர்’ என்பதில் போனவரே எழுவாய். குற்றம் செய்தவருக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. இலங்கையில் உறவினர்களைத் தேடியோரின் போராட்டத்தினூடே ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்னும் தொடர் நிலைபெற்றது. அங்கு 2016இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரோ ‘காணாமற்போன’ என்றே தொடங்குகிறது. இரு தொடர்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு வினையின் தூரம்தான். கீஃபின் நூலைத் தமிழாக்குவோர் இரண்டாவது தொடரைத் தவிர வேறொன்றை நாடத் தேவையில்லை என்பது என் கருத்து. அதிலும் செய்தவர் செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்தே நிற்கிறார் என்பதை மறக்கலாகாது.

மக்கான்வில்லைக் கொன்றதற்கு ஐ.ஆர்.ஏ. சொன்ன காரணம், அவர் பிரிட்டிஷ் படைக்குச் செய்தி கொடுத்தார் என்பது. பெல்ஃபாஸ்ட் பேச்சுவழக்கில் இத்தகையோருக்கு ‘டௌட்’ என்று பெயர், வசைச்சொல். தமிழில் ‘ஒற்றர்’ என்றால் திருக்குறளின் அதிகாரம் ஒன்று நினைவுக்கு வந்து அச்சொல்லுக்கு ஓர் அரசவைக் கண்ணியம் ஏறிவிடும். ‘தகவலாளர்’ என்பது காவல்துறைக் குறிப்பேட்டின் மொழி. ‘காட்டிக்கொடுத்தவர்’ என்பதே வசையின் வெப்பத்தைத் தருகிறது. ஆனால் அது குற்றத்தை மெய்யென்று ஏற்றுக்கொண்ட சொல். காவல்துறை பற்றிய புகார்களை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி 2006இல் அளித்த அறிக்கையில் மக்கான்வில் செய்தி கொடுத்ததற்குச் சான்று எதுவும் இல்லை என்று கூறினார். ஹியூஸ் தம் வாக்குமூலத்தில் அதற்கு மாறாகக் கூறியுள்ளார். எனவே ‘காட்டிக்கொடுத்தவர்’ என்னும் சொல் கொலைசெய்தோரின் கூற்றுக்குள் மட்டுமே வரலாம். ஆசிரியர் கூற்றில் ஓரிடத்தில் நழுவி விழுந்தாலும் அது ஒரு தீர்ப்பாகிவிடும்.

இங்கிருந்து நூலின் அடிப்படை உத்திக்கு வருவோம். தாம் எழுதியது வரலாற்று நூலன்று, கதைநடையில் அமைந்த மெய்ந்நூல் என்றும், உரையாடலோ விவரமோ கற்பனையால் சேர்க்கப்படவில்லை என்றும் கீஃப் தெரிவிக்கிறார். இதனை நம்புகிறேன். ஆயினும் நூலின் உடற்பகுதியில் அடிக்குறிப்பு எண்கள் இல்லை. சான்றுகள் யாவும் இறுதியில், தொடர்களைச் சுட்டி, தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. படிப்பவர் காண்பது இடையறாத இறந்தகால வினைமுற்றுகளின் ஓட்டத்தை மட்டுமே. ஒரு பிள்ளையின் நினைவு, செய்தித்தாள் குறிப்பு, நீதிமன்ற ஆவணம், நாற்பதாண்டுகளுக்குப் பின் ஒரு முன்னாள் போராளி சொன்னது ஆகிய யாவும் ஒரே காலத்தில், ஒரே உறுதியில் நிற்கின்றன. ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலம் இதற்கு இடம்கொடுக்கிறது.

தமிழின் இறந்தகாலமும் இடம்கொடுக்கும். ஆனால் தமிழில் வேறு வாய்ப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமை ஒரு தேர்வாகவே புலப்படும். மக்கான்வில்லை எல்லைக்கு அப்பால் காரில் கொண்டுசென்றது தாமே என்று டோலோர்ஸ் பிரைஸ் பிற்காலத்தில் கூறினார். அப்பயணத்தைக் குறித்து நானே அமைத்துக்கொண்ட ஒரு வாக்கியம்: ‘வழியில் அவர் அழவில்லை.’ இதனை ‘அழவில்லையாம்’ என்றும், ‘அழவில்லை என்று பிரைஸ் கூறினார்’ என்றும், ‘அழவில்லை எனப் பிரைஸ் கூறியதாகத் தெரிகிறது’ என்றும் எழுதலாம். ‘-ஆம்’ என்னும் இடைச்சொல் கேள்விச் செய்தியைக் குறிப்பது. ஆனால் எழுத்துநடையில் அது பாட்டி கதையின் சாயலையோ ஏளனத்தையோ பெற்றுவிடுகிறது. ஒரு கொலை பற்றிய பக்கத்தில் அதனைக் கையாள முடியாது. ‘என்று’ பேசியவரின் சொல்லை அப்படியே நிறுத்துகிறது. ‘-தாக’ சற்றே விலகி நின்று, பொறுப்பைப் பேசியவரிடமே விட்டுவிடுகிறது. பிரைஸ், ஹியூஸ் ஆகியோரின் கூற்றுகளுக்கு இக்கடைசி வடிவமே ஏற்றது. பக்கந்தோறும் வந்தால் நடை தளரும் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

இது வெறும் நடைச் சிக்கலன்று. அவ்விருவரும் பேசியது பாஸ்டன் கல்லூரியின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்திற்காக. பேசியவர் இறக்கும் வரை ஒலிப்பதிவு வெளிவராது என்பது அவர்களுக்குத் தரப்பட்ட உறுதி. ஹியூஸ் 2008இல் மறைந்தார். 2011இல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அமெரிக்காவில் சட்ட ஆணைகள் பிறந்தன. பிரைஸ் 2013இல் மறைந்தார். இருவரும் 1998ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கையால் மனம் கசந்தவர்கள். தம் முன்னாள் தோழர் ஜெரி ஆடம்ஸ் மீது சினம் கொண்டவர்கள். ஆடம்ஸோ தாம் ஐ.ஆர்.ஏ. உறுப்பினராக இருந்ததே இல்லை என்று தொடர்ந்து மறுத்துவருபவர். நூல் வெளிவந்த மறு ஆண்டு, 2019இல், மக்கான்வில் கொலை தொடர்பான வழக்கொன்றில் இத்திட்டத்தின் ஒலிப்பதிவுகளைச் சான்றாக ஏற்க பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிமன்றத்தில் நிற்காத குரல் நூலில் நிற்கலாம். வரலாற்றாசிரியரின் அளவுகோல் வேறு. ஆனால் அது குரலாகவே நிற்க வேண்டும், நிகழ்ச்சியாக நின்றுவிடக் கூடாது. முரண்பட்ட கூற்றுகளை அருகருகே வைத்துக் கீஃப் எடைபோடும் பகுதிகளே நூலின் வலிமையான பகுதிகள் என்று எனக்குப் படுகிறது. கடத்தப்படும் மாலையை வண்ணமிட்டுக் காட்டும் தொடக்கம் பலரும் பாராட்டியது. எனக்கு அது அவ்வளவு உவப்பாக இல்லை. 2024இல் வெளிவந்த தொலைக்காட்சித் தொடரில் ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஆடம்ஸின் மறுப்பு எழுத்தில் காட்டப்பட்டது. ஒரு மணி நேரக் காட்சிக்கு எதிராக ஒரு வாக்கியம். இதே சமனின்மையின் மற்றொரு வடிவம்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது டேவிட் மக்கிட்ரிக்கும் பிறரும் தொகுத்து 1999இல் வெளியிட்ட ‘லாஸ்ட் லைவ்ஸ்’. அக்காலத்து மரணம் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ஒரு பதிவு. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேல். அதில் கதை இல்லை. ஆனால் அதனைச் சில பக்கங்கள் புரட்டியவர் கீஃபின் நூலில் ஒரு மரணம் மட்டும் முகம் பெறுவதைச் சற்று உறுத்தலுடன்தான் படிப்பார்.

இறுதியாக, தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. மக்கான்வில்லைச் சுட்டது யார் என்பதை நூலின் முடிவில் கீஃப் அனுமானத்தால் நிறுவ முயல்கிறார். அவர் சுட்டுவது ஒரு பெண்ணை. அப்பெண் அதனைத் தம் வழக்குரைஞர் வழியாக மறுத்துள்ளார். மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றில் கொலை பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தபோது, மாணவர் பெரும்பாலோர் தயக்கமின்றிச் ‘சுட்டவன்’ என்று எழுதினர். ஆங்கிலத்தில் பால் காட்டாத இடம் அது. கொலையாளிக்கு மரியாதை தர மனம் ஒப்பவில்லை. மரியாதையை நீக்கியவுடன் தமிழ் ஆண்பாலையோ பெண்பாலையோ கேட்கிறது. கை தானாக ஆண்பாலுக்குப் போகிறது. முடிவைச் சொல்லாமல் காக்க வேண்டிய இடத்தில் பொய்யான முடிவு ஒன்று முந்நூறு பக்கங்களுக்கு முன்பே விழுந்துவிடுகிறது. ‘சுட்டவர்’ என்றால் பால் மறைகிறது. ஆனால் கொல்லப்பட்டவருக்கும் கொன்றவருக்கும் ஒரே விகுதி. ஒருவரைப் பன்மையால் கூறுதலை வழக்கில் வந்த உயர்சொல்லாகக் கொண்டு, இலக்கண நெறியின்பாற்பட்டதன்று எனத் தொல்காப்பியர் விலக்கிவைத்தார். இன்றைய எழுத்துத் தமிழில் அதுவே இலக்கணமாகிவிட்டது. அதனை விலக்குவதுதான் இப்போது பொருள் தருகிறது.

‘சுட்டது யார்’ என்னும் பிளவு வாக்கியத்தில் பாலும் இல்லை, உயர்வும் இல்லை. வினை அஃறிணை ஈற்றில் நிற்கிறது. ‘யார்’ முப்பாலுக்கும் பொது. மாணவர்களிடம் இதனைக் காட்டியபோது ஒருவர், இந்த அமைப்பை எத்தனை வாக்கியங்களுக்கு நீட்ட முடியும் என்று கேட்டார். அன்று முயன்று பார்த்தோம். நான்காம் வாக்கியத்தில் ஒரு வினைமுற்று வந்தே தீர வேண்டியிருந்தது.