பக்க எண்ணும் முடிவிலா உருட்டலும்

ஏட்டுச் சுவடிகளை எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் ஏடுதோறும் எண்ணிட்டனர். விட்ட இடத்தைத் தொடவும், கற்றதன் அளவை அறியவும், எஞ்சியதை மதிப்பிடவும் அவ்வெண் துணைசெய்தது. இக்காலத்து இணையத்தளங்கள் பல அத்துணையைக் களைந்துவிட்டன. அது தக்கதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முடிவிலா உருட்டலாவது, திரையிலுள்ளது முடியுமுன்பே அடுத்த பகுதி தானே வந்து பொருந்துவதாகும். 2006 ஆம் ஆண்டில் இதனை வகுத்த அமெரிக்க வடிவமைப்பாளர் அஸா றஸ்கின், 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்தும் சிறு தொல்லையை நீக்கவே கருதினார். நோக்கம் நன்றே. ஆயின் தொல்லையோடு, நின்று எண்ணுதற்குரிய இடமும் நீங்கிற்று. அவரே பின்னாளில் இதற்கு வருந்தினார்.

கைவினைப் பொருள்களை விற்கும் எற்சி என்னும் அமெரிக்க நிறுவனம் 2012 ஆம் ஆண்டளவில் இம்முறையைத் தன் தேடற் பகுதியிற் சோதித்தது. மிகுதியாகக் காட்டின் மிகுதியாக வாங்குவர் என்பது எதிர்பார்ப்பு. விளைவோ மாறாயிற்று. பக்கமுறையைப் பெற்றோரினும் இவர்கள் குறைந்த பொருள்களையே திறந்து பார்த்தனர். தேடலின்வழி வாங்கியதும் குறைந்தது. கூகிள் நிறுவனமும் 2022 டிசெம்பரிற் கணினித் தேடலிற் புகுத்திய தொடர் உருட்டலை 2024 யூனில் நீக்கி, எண்ணிட்ட பக்கங்களை மீட்டது.

தேடுவோன் ஒப்பிட்டுத் தெரிபவன். மூன்றாம் பக்கத்திற் கண்டதை ஐந்தாம் பக்கத்ததோடு வைத்து நோக்குவான், வேண்டியபோது மீளுவான். எண் இன்றேல் மீளுதற்கு வழியாது? ஒன்றைத் திறந்து பார்த்துத் திரும்பினால், மீண்டும் முதலிலிருந்தே உருட்ட நேரும் தளங்களும் உள. தளத்தின் அடியிலுள்ள தொடர்பு விவரங்களோ, அணுகுந்தோறும் கானல்நீர்போல் விலகும்.

எனினும் இம்முறை முற்றும் தள்ளத்தக்கதன்று. நிழற்படங்களையும் அவ்வப்போதைய செய்திகளையும் குறித்த நாட்டமின்றிப் பார்த்துச் செல்வோர்க்கு இஃது இசையும். 'மேலும் காட்டுக' என்னும் பொத்தானை அடியில் அமைத்தல் இரண்டிற்கும் இடைப்பட்ட நல்வழி. தொடர்வதா நிறுத்துவதா என்னும் முடிவு அங்கே படிப்போனிடமே உள்ளது.

நாம் பேணவேண்டியது அவ்வுரிமையையே. நூலகப் பட்டியல், அகராதி, வினாத்தாள் தொகுப்பு முதலிய கல்வித் தளங்களை அமைப்போர் பக்க எண்ணைக் கைவிடலாகாது. இத்துணை கற்றேன், இத்துணை எஞ்சிற்று என மாணவன் அறிந்தாலன்றிக் கல்வி ஒழுங்குபடாது. முடிவு காட்டாத தளம் கற்பாரின் காலத்தை அவரறியாமலே கொள்ளும்.