ஓப்பனிங் ஸ்டாக் இல்லாத தெரு

உங்கள் வீட்டு வாசலில் ஓடும் மழைநீர்க் கால்வாய்க்கு மொத்தம் எத்தனை மூடி? அதில் எத்தனை விரிசல் விட்டிருக்கிறது? எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியாதுதானே? போன மாதம் வரைக்கும் எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் ஒரு கால்வாய் மூடி என்னைப் பொய் சொல்ல வைத்திருக்கிறது.

2011-ல் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தேன். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது, கட்டுகிறவன் படும் பாட்டை நினைத்து. எதிர்வீட்டுக்காரர் படும் பாட்டுக்கு யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. மூன்று மாதம் பாதித் தெரு என்னுடையது. இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் ஜல்லி, நடுவில் கம்பிக் கட்டு. ஒருநாள் காலை செங்கல் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு வாசலில் கால்வாய் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது.

"விடுங்க சார், அடியில முட்டுக் குடுத்து ரெண்டு சட்டி கலவை பூசிட்டா யாருக்கும் தெரியாது" என்றார் மேஸ்திரி. பூசினார். உள்ளே கம்பி கிடையாது. மேலே மட்டும் மழமழவென்று இருந்தது. நானும் பார்த்துத் தலையாட்டினேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் பால் வாங்கப் போனவர், சரியாக அந்த மூடியில் கால் வைத்தார். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒரு கிலோ ஆப்பிளோடு பார்க்கப் போனேன். "என்ன லட்சணத்துல மூடி போட்டிருக்கான் பாருங்க தம்பி! எல்லாம் கமிஷன்!" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

அந்த 'ஆமா சார்' இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். நான் பி.காம். படித்தவன், எதைப் பார்த்தாலும் பேரேடு மாதிரிதான் தெரியும். அந்த மாடிக்கு பிளான் அப்ரூவலுக்குப் பணம் கட்டினேன். தண்ணீர்க் குழாய்க்காகத் தெருவை வெட்ட 'ரோடு கட்' பணம் தனியாகக் கட்டினேன். ரசீதெல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கடப்பாரையால் நாலடி வெட்டினால் காசு. லாரி ஏற்றி உடைத்தால்? ஒரு காகிதம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. வேலை ஆரம்பிக்கும் முன்னால் தெரு எப்படி இருந்தது, முடிந்த பிறகு எப்படி இருக்கிறது என்று ஒருத்தர் வந்து பார்க்கவில்லை.

இது இப்படித்தான் இருக்க வேண்டுமா என்ற சந்தேகம் எனக்கு வந்ததற்குக் காரணம் என் அக்கா பையன். ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் புறநகர் ஒன்றில் வீடு கட்டினான். பூமி பூஜை போட்டோ அனுப்புவான் என்று காத்திருந்தால், வாட்ஸப்பில் வரிசையாக வந்ததெல்லாம் பிளாட்பாரம், சாலையோரக் கல், வடிகால், ஒரு மரம். "என்னடா இது?" என்று கேட்டேன். "அசெட் புரொடெக்‌ஷன் பர்மிட் மாமா. இதைக் குடுத்தாத்தான் வேலையே ஆரம்பிக்க முடியும்" என்றான்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பல உள்ளூர் கவுன்சில்கள் இதை வைத்திருக்கின்றன. வீடு கட்டும் அனுமதி தனி, இது தனி. வாசலுக்கு வெளியே இருக்கும் நடைபாதை, வடிகால், கார் ஏறும் சரிவு, புல்தரை, தெரு மரம் எல்லாமே ஊர்ச்சொத்து. ஏற்கெனவே எதாவது உடைந்திருந்தால் வேலைக்கு முன்பே போட்டோவோடு சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், நீங்கள் உடைத்ததாகவே கணக்கு. பர்மிட்டுக்குக் கட்டணம் உண்டு. பல இடங்களில் டெபாசிட்டும் உண்டு. வேலை முடிந்ததும் ஆய்வாளர் வந்து பார்ப்பார். எல்லாம் பழையபடி இருந்தால் டெபாசிட் திரும்பி வரும். இல்லையென்றால் சரிசெய்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கவுன்சிலே செய்துவிட்டுச் செலவை உங்களிடம் வசூலிக்கும்.

'ஆகா, சொர்க்கம்!' என்று எழுந்து நிற்க வேண்டாம். அதிலும் ஓட்டை உண்டு. பழைய விரிசலைப் போட்டோ எடுக்க மறந்த அப்பாவி, யாரோ உடைத்ததற்குத் தண்டம் அழ வேண்டும். பக்கத்து மனைக்கு வந்த லாரி உங்கள் வாசலில் ஏறினாலும், அது உங்கள் வேலை இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. எதிர் மனைக்கு ரெடிமிக்ஸ் லாரி வந்த அன்றைக்கு அக்கா பையன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பிளாட்பாரத்துக்குக் காவல் நின்றானாம். சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஊர்ச்சொத்துக்கு ஒரு தனி மனிதன் லீவு போட்டுக் காவல் நிற்கிறான் என்றால், அந்தக் காகிதம் வேலை செய்கிறது!

அதில் உயிர்நாடி டெபாசிட் இல்லை, அந்த முதல் போட்டோ. கடைக் கணக்கில் ஓப்பனிங் ஸ்டாக் எழுதாமல், வருஷக் கடைசியில் எவ்வளவு சரக்கு காணாமல் போனது என்று சொல்ல முடியுமா? நம் தெருவுக்கு ஓப்பனிங் ஸ்டாக் எழுதுவதே கிடையாது. அதனால் நஷ்டமும் தெரியாது. நஷ்டம் தெரியாத இடத்தில் உடைத்தவனும் தெரியமாட்டான். வாத்தியார் யாரையோ திட்டினார், நான் தப்பித்தேன். கடைசியில் புது மூடி வரிப்பணத்தில் வந்தது. அந்த வரியை வாத்தியாரும் கட்டுகிறார்.

ஒரு மூடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. 6 கன மீட்டர் ஏற்றி வரும் ரெடிமிக்ஸ் லாரியில் கலவை மட்டுமே 14 டன்னுக்கு மேல். லாரியின் எடை தனி. ஆள் நடக்கப் போட்ட மூடியின் மேல் அது ஏறினால் என்ன ஆகும்? இது கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாதது ஒன்று உண்டு. கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீர் நேராகக் கால்வாய்க்குத்தான் போகிறது. சிமென்ட் தண்ணீருக்குள்ளேயும் இறுகும். உள்ளே போய்க் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். மழை வரும்போது பத்து வீடு தள்ளி ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். அவர் மேகத்தைத் திட்டுவார்.

நம்மிடம் சட்டம் இல்லாமலும் இல்லை. கட்டட இடிபாடுகள் போக்குவரத்தையும் பொதுமக்களையும் வடிகாலையும் மறிக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2016 விதிகளே சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2025-ல் புது விதிகளும் அறிவிக்கப்பட்டன. விதி டெல்லியில் பிறக்கிறது, மூடி நம் தெருவில் உடைகிறது. இரண்டுக்கும் நடுவில் போட்டோ எடுத்து வைக்கும் அந்த ஒரு ஆள்தான் இல்லை.

உங்கள் அடுத்த கேள்வி தெரியும். "நம்ம ஊர்ல டெபாசிட் கட்டினா திரும்பி வருமா சார்?" நியாயமான கேள்வி. ஆய்வுக்கு நாள் குறிக்காத பர்மிட், 'கவனிப்பு' கேட்க இன்னொரு ஜன்னல் ஆகிவிடும். 600 சதுர அடியில் கடன் வாங்கிக் கட்டுகிறவரும் ஆறு மாடி எழுப்புகிற புரமோட்டரும் ஒரே டெபாசிட் கட்டினால் அதுவும் அநியாயம். அதனால் பணத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் போட்டோ. பிளான் அப்ரூவல் விண்ணப்பத்தோடு வாசல் தெருவின் படங்களைக் கட்டாயம் இணைக்க வேண்டும், வேலை முடிந்ததும் அதே இடத்தை மறுபடி படம் எடுத்துத் தர வேண்டும், இரண்டையும் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவா ஆகப்போகிறது? செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது.

போன மாதம் எங்கள் தெருக்கோடியில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி வேலை தொடங்கினார்கள். முதல் லாரி வருவதற்குள் நான் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து கோடி வரைக்கும் 16 மூடி, மூன்றில் விரிசல். தேதி போட்டு, ஒரு பிரதியைக் கட்டுகிறவரிடம் கொடுத்தேன். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். "ஓப்பனிங் ஸ்டாக்" என்றேன். அவருக்குப் புரிந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் மூடிகளின் மேல் இரும்புத் தகடு போட்டுத்தான் லாரி ஏற்றினார்கள்.

உங்கள் தெருவிலும் எங்கேயாவது மணல் கொட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு நடை நடந்து எண்ணிவிடுங்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாத்தியார் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்.

சார், அந்த மூடியை உடைச்சது நான்தான்.