குறும்பனை நாட்டில் ஆள் இல்லை

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதைக்கு உரை சொல்லி வருகையில் அடியார்க்கு நல்லார் கடல்கொண்ட தென்னிலத்தைக் கணக்கெடுக்கிறார். பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையில் 700 காவதம். அதில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று ஏழேழாக 49 நாடுகள். அங்கே யார் இருந்தார்கள் என்று அவர் சொல்வதில்லை. உரைகாரருக்கு அது வேலையில்லை. நமக்கும் அது வேலையில்லை என்று நாம் இத்தனை காலம் இருந்துவிட்டோம். அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

படைப்பு மனத்துக்கு இந்தப் பெயர்களே போதும். குறும்பனை என்கிறார். பனை குட்டையாக இருக்கிற ஊரில் பனையேறுகிறவன் யார்? நின்ற இடத்திலிருந்தே பாளை சீவிவிடலாம் என்றால், ஏறுவதற்கென்று ஒரு கூட்டமும் அந்தக் கூட்டத்துக்கென்று ஊருக்கு வெளியே ஓர் இடமும் அங்கே உண்டாகியிருக்குமா? பாலை இன்னும் விபரீதமானது. நம் மரபில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்று சொல்வதும் இதே சிலப்பதிகாரம்தான். பொருள் தேடிப் போகிறவன் கடந்து போகிற வெளி அது. இந்தப் பட்டியலிலோ அது முன்னும் பின்னுமாக 14 நாடுகளாக நிலைத்து நிற்கிறது. பிரிவையே ஊராகக் கொண்டு குடியிருக்கிறவர்கள் யாரைப் பிரிவார்கள்? பிரிந்து எங்கே போவார்கள்? மிகைக்கற்பனைக்குப் பறக்கும் குதிரை வேண்டியதில்லை. இந்த மாதிரி ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கடைசிவரை கொண்டுபோனால் போதும்.

நாம் கொண்டுபோகவில்லை. அந்த நாடுகளைச் சாட்சியமாக ஆக்கிவிட்டோம். உ. வே. சாமிநாதையர் இந்த உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892ல். அதற்கு முன்பே, 1864ல், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகள் இருப்பதற்குக் காரணம் தேடிய ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், நடுக்கடலில் ஒரு கண்டத்தை ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்திருந்தார். பின்னாளில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. தேசப்படம் வந்தது, பாடப்புத்தகம் வந்தது, 1981ல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் அரசு எடுப்பித்த ஆவணப்படமும் வந்தது. 1960களில் கண்டத்தட்டுக் கொள்கை நிலைபெற்று, புவியியலுக்கு லெமூரியா வேண்டாததாகிப் போனதை இவர்கள் லட்சியம் செய்யவில்லை. தமிழின் தொன்மையை மறுக்க ஆட்கள் இருந்த காலத்தில் இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் விஞ்ஞானத்துக்காக வழக்காடவும் வரவில்லை. சாட்சிக்கூண்டில் ஏற்றிய நிலத்தில் கதை நடக்க முடியாது என்பதே என் குறை. அங்கே ஒருத்தி உலை வைத்தாள் என்று எழுதினால் ஆதாரம் எங்கே என்பார்கள். ஆதாரம் உண்டென்று நம்புகிறவனோ எழுத உட்காரமாட்டான், தோண்டத்தான் போவான்.

இதே லெமூரியா அடையாற்றிலும் ஒரு ஜென்மம் எடுத்தது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி, 1888ல் வெளியான தம் பெருநூலில், மனித குலத்தின் ஏழு மூல இனங்களில் மூன்றாவதை அங்கே குடிவைத்தார். ஒவ்வொரு மூல இனத்துக்கும் ஏழு கிளைகள். இங்கேயும் கணக்கு 49 ஆகிறது என்பது வேடிக்கை. அதே சபையைச் சேர்ந்த ஸ்காட் எலியட் 1904ல் எழுதிய சிறு நூலில் ஒரு லெமூரியன் வருகிறான். 12 அடிக்குக் குறையாத உயரம். கொடியால் முறுக்கிய கயிற்றில் ஒரு பெரிய ஊர்வனவைக் கட்டி இழுத்துப் போகிறான். இனங்களை மேல்கீழாக அடுக்கும் அந்தப் புத்தகத்தின் தத்துவம் எனக்கு அருவருப்பானது. அவர்களும் அதை உண்மை என்றேதான் சொன்னார்கள். இருந்தும் அந்த ஆள் மனதில் நிற்கிறான். ஞானதிருஷ்டியில் கண்டதாகச் சொல்லிக்கொண்டவர்கள் எதையாவது பார்த்தே தீரவேண்டியிருந்தது. நமக்கு எண்ணினால் போதும் என்று ஆகிவிட்டது. இறையனார் அகப்பொருள் உரையில் தலைச்சங்கத்துக்கு 4440 ஆண்டுகள், 89 அரசர்கள், பாடினோர் 4449 பேர். பாட்டைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

பழைய கவிஞனுக்கு இது தெரிந்திருந்தது. முல்லைக்கலியில் ஓரிடத்தில் பாண்டியனின் மண்ணைக் கடல் வவ்வியது சொல்லப்படுகிறது. சில அடிகள்தான். உடனே பாட்டு, அந்தக் குடியோடு வந்த ஆயர்களிடம் போய்விடுகிறது. அதன்பின் காளைகளும் கொம்புகளும் அவற்றின்மேல் பாய்கிறவர்களும்தான். மூழ்கிய நிலத்தைப் பற்றிய அழுகை அதில் இல்லை. பின்னால், நம் காலத்துக்குக் கிட்டத்தில், புதுமைப்பித்தன் 'கபாடபுரம்' எழுதினார். கடலுக்கடியில் போன ஊரைக் கதையென்று தெரிந்தே, கதையாகவே எழுதினார். நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. அவர் திறந்த வாசலில் நமக்குக் கூட்டம் சேரவில்லை.

சாமிநாதையர் பெயரிலுள்ள நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில், அருண்டேல் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. நகருக்கும் சாலைக்கும் பிரம்மஞானிகளின் பெயர். கரையோடு வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். அதன் பெயரிலும் ஒரு பிரம்மஞானி இருக்கிறார். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் இந்தக் கரையில் ஏறி வந்தது. தண்ணீர் முதலில் எந்தப் பக்கமிருந்து வந்தது, வலை எங்கே போயிற்று, மறுபடி கடலுக்குள் போக முதல் நாள் யார் துணிந்தது என்பதெல்லாம் உரையில் கிடைக்காது, குப்பத்தில் கேட்கலாம். குறும்பனை நாட்டுக்குப் போக நினைக்கிற எழுத்தாளன் அங்கே கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். 49 நாடுகள் காலியாகக் கிடக்கின்றன. நாட்டுக்கு ஒரு ஆளாவது வேண்டும்.