பரிகாரியின் அளவும் கடலால் வரும் பொதியும்

ஏற்றுமதிக்கென மருத்துவக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு இலங்கை அரசு 2025இல் அனுமதி கொடுத்ததோடு, ஒரு பழைய வாதத்துக்குப் புதுத் தெம்பு வந்திருக்கிறது. கஞ்சா மூலிகை, சித்தர் கண்ட மருந்து, ஆகவே புகைப்பவனையும் விட்டுவிடுங்கள் என்பது அந்த வாதம். அதன் முதற்பாதி உண்மை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமே மருந்து செய்யும் பரிகாரிக்குக் கஞ்சா பெற வழிவைத்திருக்கிறது. கடுமையான குழந்தை வலிப்புக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த கன்னபிடியோல் மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. புகைத்த பொடியனைச் சிறையில் அடைத்து யாரும் திருத்தியதில்லை என்பதும் சரி. ஆனால் இவற்றில் எதிலிருந்தும் அந்த இரண்டாம் பாதி பிறக்கவில்லை.

மருந்தை மருந்தாக்குவது செடியல்ல, அளவு. நாட்டு வைத்தியத்தில் கஞ்சா இலையை அப்படியே சேர்ப்பதில்லை. பச்சைச் சாயம் போகுமட்டும் தண்ணீரில் அலசி, உலர்த்தி, நெய்யில் வறுத்துச் சுத்தி செய்த பிறகே லேகியத்தில் சேர்க்கிறார்கள். அதையும் இன்ன நோயாளிக்கு, இன்ன அனுபானத்தோடு, இத்தனை நாள் என்று வரையறுத்தே கொடுக்கிறார்கள். கன்னபிடியோலும் அப்படித்தான்: போதை தராத பொருள், உடல் எடைக்கேற்ற அளவு, இடையிடையே ஈரல் பரிசோதனை. யாழ்ப்பாணத்தின் மயிலிட்டி, மாதகல் கரைகளுக்கு இந்தியப் பக்கமிருந்து வந்து கடற்படையிடம் சிக்கும் பொதிக்கு இதில் எது உண்டு? பொலித்தீன் சுற்றி நாடா ஒட்டிய அந்தப் பொதிக்குக் ‘கேரளக் கஞ்சா’ என்ற பெயரைத் தவிர வேறு அடையாளமில்லை. எங்கே விளைந்தது, என்ன பூச்சிநாசினி அடித்தது, போதைச் சத்து எவ்வளவு என்று விற்பவனுக்கே தெரியாது. சித்தர் பெயரை இதன்மேல் ஒட்டுவது சித்த மருத்துவத்துக்குச் செய்யும் அவமதிப்பு.

சுவீடனில் 45,000க்கு மேற்பட்ட இராணுவ இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1987இல் வெளியான ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களிடம் மனச்சிதைவு ஆறு மடங்காக இருந்தது. முன்பே மனம் தளர்ந்தவர்கள்தாம் கஞ்சாவைத் தேடிப் போயிருப்பார்கள் என்று மறுப்பவர்கள் உண்டு. ஓரளவு அப்படி இருக்கலாம். ஆனால் பாவனையும் போதைச் சத்தும் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்றே பின்வந்த ஆய்வுகளும் காட்டின. மறுப்பை ஏற்றாலும் எங்கள் கவலை கூடுமே தவிரக் குறையாது. 1990இல் போரால் இடம்பெயர்ந்து, 2017இல் துறைமுகம் விடுபடும்வரை முகாமிலும் வாடகை வீட்டிலும் ஒரு தலைமுறையை வளர்த்த ஊர் மயிலிட்டி. மனக்காயம் இத்தனை உள்ள இடத்தில், அளவில்லாத போதையை ஆறுதல் என்று நீட்டுவது கொடுமை.

சாராயத்தைக் கடை திறந்து விற்கிறார்களே என்பார்கள். உண்மைதான், சாராயம் அழித்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் அதை யாரும் மருந்தென்று சொல்லி விற்கவில்லை. மருந்தின் பெயரால் கதவைத் திறந்த தாய்லாந்தைப் பாருங்கள்: 2022 யூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது, தெருத்தெருவாகக் கடை முளைத்தது, 2025இல் மருத்துவர் சீட்டுக் கட்டாயம் என்று திரும்பிவந்தது. மருந்துதான் நோக்கமென்றால், கேட்க வேண்டியவை வேறு: பரிகாரிகளுக்குத் தரம் பார்த்த சரக்கு, கைதடியில் சித்த மருத்துவம் படிப்பிக்கிற இடத்தில் முறையான நோயாளர் ஆய்வு, வடக்கின் ஆஸ்பத்திரிகளுக்குப் போதிய மனநல வைத்தியர்கள். புகைப்பவனுக்காக இவ்வளவு வாதாடுகிறவர்கள் இவற்றுக்காக எங்கே வாதாடினார்கள்?